ஒரே நுளம்பு, இரண்டு ஊர்கள்: யாழ்ப்பாணக் கிணறும் ஜிபூட்டித் தளமும்

எங்கள் வீட்டுக் கிணற்றில் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் கப்பி மீன்கள் நீந்துகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் சுகாதாரத் துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பொலித்தீன் பையில் கொண்டுவந்து விட்டுப்போனவை அவை. அம்மா முதலில் மறித்தார். "தம்பி, இது குடிக்கும் கிணறு" என்றார். இருவரில் மூத்தவர் முகம் சுளிக்கவில்லை. "அம்மா, ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று, கயிறு கட்டிய சிறு வலையைக் கிணற்றுக்குள் இறக்கி, அள்ளியதை வெள்ளைத் தட்டில் ஊற்றி, டோர்ச் அடித்துக் காட்டினார். நூல் துணுக்குப் போல ஒன்று நீரின் மேல் படுக்கையாகக் கிடந்தது. டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும். நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருந்தால் அது அனோபிலிஸ், மலேரியாவைக் காவும் இனம் என்று விளக்கினார். அம்மா இளவயதில் மலேரியாவில் கிடந்து எழும்பியவர். குளோரோகுயின் குளிசையின் கசப்பை இன்றும் சொல்லுவார். அதற்குமேல் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கை பெருந்தெருவில் ஏறும் சந்தியில் ஒரு சோதனைச்சாவடி இருந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மீண்டும் முளைத்தது. மணல் மூட்டைகள், தகரக் கூரை, இரவு பகலாக முறை மாறி நிற்கும் சிப்பாய்கள். மீனோடு வந்த இருவரையும் அங்கே மறித்துப் பையைத் திறக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

சாவடியும் மீனும் அரசாங்கத்தின் செலவுகள்தான். நடந்துவிடக்கூடாத ஒன்றைத் தடுப்பதற்காகவே இரண்டும் செய்யப்படுகின்றன. எது எதைத் தடுத்தது, எவ்வளவு செலவில் தடுத்தது என்ற கேள்வியை இந்த இரண்டில் ஒன்றிடம்தான் நாம் கேட்டு வருகிறோம். அந்தக் கேள்வியை இரண்டிடமும் கேட்டால் என்ன தெரியவரும் என்பதைப் பார்ப்பதற்கு எங்கள் கிணற்று நுளம்பு ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

நுளம்பு வந்த வழி

இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி சான்றளித்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். சான்று கிடைத்து நான்கு மாதம் ஆவதற்குள், அதே ஆண்டின் இறுதியில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்த நாட்டில் அதற்கு முன் இல்லாத இனம் அது. இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. அடுத்துவந்த காலத்தில் அது யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் ஆய்வாளர்கள் அதைப் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இது ஏன் பெரிய செய்தி என்றால், இலங்கையின் பழைய மலேரியா நுளம்புக்கு ஆறு வற்றித் தேங்கிய குட்டைகள் வேண்டும். நம்மிடம் ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். ஸ்டீபன்சிக்கு ஆறு தேவையில்லை. கிணறும் சீமெந்துத் தொட்டியும் மேல்நிலைத் தண்ணீர்த் தாங்கியும் அதற்குப் போதும். சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் இருக்கும் நீரை நம்பி, வளவுக்கு ஒரு கிணறு வைத்து வாழும் குடாநாட்டை இந்த நுளம்புக்கென்றே கட்டி வைத்தது போலாகிவிட்டது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வருகிறது. இந்தத் தொடர்புகள் வேண்டும் என்று எத்தனையோ ஆண்டுகள் கேட்டவர்கள் நாங்கள். அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் நுளம்பு இங்கே இருக்கிறது, மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி பயணியின் இரத்தத்தில் வரலாம், இரண்டும் சந்தித்தால் போதும்.

இந்த நாட்டுக்கு மலேரியா என்ன செய்யும் என்பதை ஏட்டில் தேடவேண்டியதில்லை. 1934-35 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளான போது சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1946 இல் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்தது. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் 17 பேர் மட்டும். நோய் போய்விட்டது என்று தீர்மானித்துத் தெளிப்பதை நிறுத்தினார்கள், ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பினார்கள். 1968-69 இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா வந்தது. அதைத் திரும்ப அடக்குவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இந்த ஐந்தாறு ஆண்டுகளை வரவு செலவுத் திட்டம் எழுதும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும்தான் பாரம் சுமந்தன. 1999 இல் நாட்டில் 264,549 நோயாளிகள். மருந்தும் எரிபொருளும் பற்றரியும் சவர்க்காரமும் தடைப்பட்டியலில் இருந்த காலத்தை வாழ்ந்தவர்களுக்கு அந்த எண்ணின் பொருள் தெரியும். ஆயினும் இரு தரப்பையும் நுளம்பு கடித்தபடியால் தெளிப்பு வேலை முற்றாக நிற்கவில்லை. மருந்து விசிறுபவர்கள் காவலரண்களைக் கடந்து போய்வந்தார்கள். பிற்பகுதியில் எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தின் பணத்தில் மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வந்தன. கடைசிக் காலத்து நோயாளிகளில் கணிசமானவர்கள் காட்டு முகாம்களில் இருந்த படையினர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டு வரிப்பணத்தில் வாங்கிய வலையும் உள்ளூர் ஊழியரின் கால்நடையும் சேர்ந்து சிப்பாயையும் காப்பாற்றின, எங்களையும் காப்பாற்றின.

1968 இன் பாடம் இம்முறை மறக்கப்படவில்லை. சான்று கிடைத்த பிறகும் சுகாதார அமைச்சின் மலேரியாத் தடை இயக்கத்தைக் கலைக்கவில்லை. காய்ச்சலோடு நாடு திரும்பும் பயணியின் இரத்தத்தைப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு உறுதியானால் அவரது வீட்டைச் சுற்றியிருப்பவர்களின் இரத்தத்தையும், அங்குள்ள நுளம்பையும் போய்ப் பார்க்கிறார்கள். 2018 டிசம்பரில் வெளிநாட்டவர் ஒருவரிடமிருந்து இங்குள்ள ஒருவருக்குத் தொற்றியது. அந்த ஒருவரோடு அது நின்றது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிணறு கிணறாக இறங்கிப் பார்த்தது, குடம்பிக்கொல்லி இட்டது, மீன் விட்டது எல்லாம் இந்த வேலையின் பகுதிதான். ஸ்டீபன்சி இன்னும் நம்மோடு இருக்கிறது. மலேரியா இல்லை.

ஜிபூட்டி

இதே நுளம்பு 2012 இல் ஆபிரிக்காவின் கொம்பு முனையில் உள்ள ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் பத்து இலட்சம் மக்கள், செங்கடலின் தெற்கு வாயிலில் ஒரு துறைமுக நகரம், வறண்ட நிலம். அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். நோயை ஒழிக்கும் வாசலுக்கு வந்துவிட்ட நாடு. 2020 இல் அந்த எண்ணிக்கை 73,000 ஐத் தாண்டியது.

அதே நகரின் விமானநிலையத்தை ஒட்டி லெமோனியர் முகாம் இருக்கிறது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு, 2002 இலிருந்து, ஆபிரிக்காவில் அமெரிக்காவின் பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளுக்கு அதுவே தலைத்தளம். சுமார் 4,000 பேர் அங்கே பணியில் இருக்கிறார்கள். யேமனையும் சோமாலியாவையும் நோக்கிய ஆளில்லா விமானங்கள் ஜிபூட்டியிலிருந்து பறந்தன. 2014 இல் குத்தகையைப் புதுப்பித்தபோது வாடகை மட்டும் ஆண்டுக்கு 6 கோடி 30 இலட்சம் டொலராக உயர்ந்தது. பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி ஆகிய நாடுகளுக்கும் அங்கே தளங்கள் உள்ளன. 2017 இல் சீனாவும் வந்தது. வல்லரசுகள் இவ்வளவு நெருக்கமாகக் காவல் நிற்கும் சிறிய நாடு உலகில் வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அந்தக் காவல்களின் நடுவே, ஊர்க்காரரின் தண்ணீர்த் தொட்டிகளில், நுளம்பு பெருகியது.

தளங்களால் மலேரியா வந்தது என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தையும் ஜிபூட்டியையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. ஸ்டீபன்சி வந்தபோது இலங்கையில் ஒட்டுண்ணியே இருக்கவில்லை. ஜிபூட்டிக்கு எத்தியோப்பியாவிலிருந்து நாள்தோறும் ஆட்கள் வந்துபோகிறார்கள், அவர்களில் பலர் மலேரியா உள்ள பகுதிகளிலிருந்து வருபவர்கள். நமக்கு 1911 இல் குருநாகலில் தொடங்கிய மலேரியா எதிர்ப்பு வேலையின் நூறாண்டு அனுபவம் இருந்தது, இலவச வைத்தியசாலைகள் இருந்தன. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. ஒரு நாட்டில் எந்த ஆபத்தைத் தேட ஆளும் பணமும் வைத்திருக்கிறார்களோ அந்த ஆபத்துத்தான் கண்ணில் படும். ஜிபூட்டியின் வானத்தைப் பார்க்க ஆள் இருந்தது. தொட்டிக்குள் பார்க்கப் போதிய ஆள் இருக்கவில்லை.

எட்டு நாள்

அமெரிக்காவின் ஸ்டிம்சன் மையம் என்ற கொள்கை ஆய்வு நிறுவனம் கூட்டிய குழு ஒன்று 2018 இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2002 முதல் 2017 வரையான நிதியாண்டுகளில் பயங்கரவாத எதிர்ப்புக்கு அமெரிக்க அரசு செலவிட்டது சுமார் 2.8 டிரில்லியன் டொலர். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள், உள்நாட்டுப் பாதுகாப்பு, அதற்கான வெளிநாட்டு உதவி எல்லாம் அதில் அடக்கம். பதினாறு ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 175 பில்லியன். மறுபக்கம், 2023 இல் மலேரியாவுக்காக உலக நாடுகளும் நிறுவனங்களும் நோயுள்ள நாடுகளின் அரசுகளும் சேர்ந்து செலவிட்டது 4 பில்லியன் டொலர், தேவைப்பட்டது 8.3 பில்லியன் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. அந்த 4 பில்லியன் மேற்சொன்ன செலவில் எட்டு நாள் கணக்கு. அந்த ஆண்டு மலேரியாவில் 597,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஆபிரிக்காவில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். செப்டெம்பர் 11 இல் கொல்லப்பட்ட 2,977 பேருக்கு நிகரான தொகை மலேரியாவில் இரண்டு நாள் முடிவதற்குள் போய்விடுகிறது.

பிணங்களை எண்ணி ஒப்பிடுவது போதாது என்று சொல்பவர்களோடு எனக்கும் உடன்பாடு உண்டு. குண்டு கொல்வது அங்கே நின்றவர்களை மட்டும் அல்ல. அதன் பிறகு வரும் சந்தேகம், கலவரம், சட்டம், போர் எல்லாம் அதன் கணக்கில் சேரும். 1979 இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் எங்களுடையது. பயங்கரவாதமும் அதற்கு எதிரானது என்று சொல்லப்படுவதும் ஒரு சமூகத்தை எப்படிச் சிதைக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் நோயும் அப்படித்தான், தாயைக் கொன்றால் வீட்டைக் கலைக்கிறது, ஊரைக் கொன்றால் வயலைத் தரிசாக்குகிறது. ஒன்றின் பின்விளைவுகளை முழுவதும் எண்ணி, மற்றதன் சாவுகளை மட்டும் எண்ணுவது சரியான கணக்கு ஆகாது.

ஒரே ஆளே இரண்டையும் செய்ததும் உண்டு. 2003 இல் ஈராக்கினுள் படையை அனுப்பிய ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், அதே ஆண்டில்தான் எயிட்ஸ் நோயாளிகளுக்கான பெப்பார் திட்டத்தையும் தொடங்கினார். இருபது ஆண்டுகளில் அதற்குப் போனது 100 பில்லியன் டொலருக்குச் சற்று மேல். அது காப்பாற்றிய உயிர்கள் இரண்டரைக் கோடி என்று அமெரிக்க அரசே மதிப்பிட்டது. ஈராக்குக்குப் போன பணத்துக்கு அப்படி ஒரு வரியை எழுத எந்த அரசாங்கத்தாலும் முடியவில்லை.

நம் நாட்டுக் கணக்கு

2019 ஏப்ரல் 21 இல் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 260 க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பயங்கரவாதம் பொய்யான அச்சம் என்று அந்தத் தாய்மாரின் முன் யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாக்குதல் நடந்தது பணப் பற்றாக்குறையால் அல்ல. ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. அது மேசைக்கு மேசை போனது, தேவாலயத்துக்குப் போகவில்லை. எச்சரிக்கையின் மீது செயற்படாத குற்றத்துக்காக தாக்குதலின்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பத்தாண்டு முன்பே போர் முடிந்து, இரண்டு இலட்சம் பேர் கொண்ட இராணுவத்தை வைத்துக்கொண்டிருந்த நாட்டில் நடந்தது இது. அதன் பிறகு யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? சாவடிகள் திரும்பி வந்தன. பல்கலைக்கழகத்தைச் சோதித்து, ஒரு படம் மாட்டியிருந்ததற்காக மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் கைது செய்தார்கள். கொச்சிக்கடையில் செத்தவர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் இல்லை.

அதே 2019 இல் நாட்டில் டெங்கு நோயாளிகள் 105,049.

பொருளாதாரம் விழுந்து வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமல் தவித்த காலத்தில் எழுதப்பட்ட 2023 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 410 பில்லியன் ரூபாய், பொதுப் பாதுகாப்புக்கு 129 பில்லியன், சுகாதாரத்துக்கு 322 பில்லியன். இராணுவத்தை 2030 க்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக அந்த ஜனவரியில் அரசாங்கமே அறிவித்தது. அதுவே பழைய அளவு தேவைக்கு மிஞ்சியது என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம். 2025 இல் சுகாதாரத்துக்கு 604 பில்லியனும் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியனும் என வரிசை மாறியது. நல்ல திருப்பம்தான், மனமாரச் சொல்கிறேன். ஆனால் வடமராட்சியில் 2024 டிசம்பரில் பார்த்தது என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. வெள்ளம் வடிந்த பின் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கத்தில் இன்னதென்று தெரியாத காய்ச்சலில் ஆட்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். எலிக்காய்ச்சல் என்று உறுதிப்படுவதற்குள் குறைந்தது ஏழு பேர் போய்விட்டார்கள். அதைத் தடுக்க வயலில் இறங்குபவர் வாரம் ஒருமுறை எடுக்கவேண்டிய டொக்சிசைக்கிளின், விலையில் மிகச் சிறிய குளிசை, இலவசமாகக் கொடுக்கப்படுவது. வெள்ளம் வந்த அன்றே வீடு வீடாகக் கொண்டுபோக ஆட்கள் இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையை நினைத்துப் பாருங்கள். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்தின் அயலில், 2013 இல் திறக்கப்பட்டது. அதற்குப் பணம் சேர்ப்பதற்காக 2011 இல் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை முனைவரை நடந்தார்கள். முட்கம்பிக்கு யாரும் நடந்து பணம் சேர்க்கவேண்டியிருக்கவில்லை.

ஊசியும் உளவும்

இரண்டு செலவுகளும் தனித்தனிப் பெட்டிகள் என்று நினைத்தால் பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் நடந்ததை மறந்துவிடுகிறோம். 2011 இல் ஒசாமா பின் லாடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, பாகிஸ்தானிய மருத்துவர் ஒருவரை வைத்து ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் என்ற பெயரில் வீடுகளுக்குள் ஆள் அனுப்பியது. செய்தி வெளியானது. 2012 இல் வசிரிஸ்தானில் தலிபான்கள் போலியோ சொட்டு மருந்தைத் தடைசெய்தார்கள். சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு 58 ஆக இருந்த பாகிஸ்தானின் போலியோ நோயாளிகள் 2014 இல் 306 ஆனார்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை உறுதி கொடுத்ததும் அந்த 2014 இல்தான்.

இதை எங்கள் ஊரில் உடனே புரிந்துகொள்வார்கள். கொரோனாக் காலத்தில் நாட்டின் தடுப்பு நடவடிக்கைகளுக்குத் தலைமை தாங்கியது இராணுவத் தளபதி. படையினர் அந்நாளில் பாடுபட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் சீருடையைக் கண்டதும் கதவைச் சாத்திப் பழகிய வீட்டில், காய்ச்சல் இருக்கிறதா என்று சீருடை வந்து கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். மீனோடு வந்த அந்த மூத்தவருக்கு அம்மா கிணற்றைத் திறந்து காட்டியது அவர் ஆயுதம் இல்லாமல், சேர்ட்டோடு, அம்மா என்று கூப்பிட்டு வந்தபடியால். அந்த நம்பிக்கையை எந்தப் பாதுகாப்பு ஒதுக்கீட்டாலும் வாங்க முடியாது.

இப்போது வெட்டு

2025 பெப்ரவரியில் பிரித்தானியா, பாதுகாப்புச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதற்காக வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 இலிருந்து 2027 க்குள் 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 ஆம் திகதியோடு தன் பணியை நிறுத்தியது. 2005 இலிருந்து அமெரிக்காவின் மலேரியாத் திட்டம் அதன் தோளில்தான் ஏறி நடந்தது. இந்தச் செய்திகளைக் கொழும்பு அரசியல் செய்திகளுக்குப் பின்னால் நாலாம் பக்கத்தில் வாசித்துவிட்டு நாம் கடந்துபோகிறோம். யாழ்ப்பாணத்து வாசகர் அப்படிக் கடந்துபோகக்கூடாது. நுளம்பு நம் கிணற்றில் இருக்கிறது. இல்லாதது ஒட்டுண்ணி மட்டும்தான். எங்கோ ஒரு ஊரில் வலையும் மருந்தும் நின்றுபோனால் ஒட்டுண்ணி கூடும். கூடினால் பயணிகளோடு வரும் வாய்ப்பும் கூடும். ஆபிரிக்காவில் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் வலை கோண்டாவிலில் ஒரு பிள்ளைக்கும் காவல்.

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். பாதுகாப்பு ஒதுக்கீட்டுக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும், மலேரியாத் தடை இயக்கம் ஆண்டுதோறும் எழுதுவது போல, எந்த ஆபத்து, அது நிகழும் வாய்ப்பு எவ்வளவு, இந்தச் செலவு அதை எவ்வளவு குறைக்கும் என்று எழுதி வரவேண்டும். இரகசியம் என்ற சொல் அந்த மூன்று வரிகளையும் விழுங்க விடக்கூடாது. சுகாதாரத்தில், நோய் பூச்சியமாகிவிட்டது என்ற காரணத்தைக் காட்டி ஒரு பூச்சியியல் உத்தியோகத்தரின் பதவியையும் வெற்றிடமாக விடக்கூடாது. 1963 இல் 17 பேர் என்பதும் கிட்டத்தட்டப் பூச்சியம்தான்.

கடந்த மாரியில் வெள்ளம் எங்கள் கிணற்றுக்கட்டைத் தாண்டியது. வடிந்த பின் பார்த்தால் மீன் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா தொலைபேசியில் சொன்னார். எரிபொருள் ஒதுக்கீடு வந்ததும் வருவதாக மறுமுனையில் இருந்தவர் சொன்னார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மூன்று கிழமை பார்த்தார் அம்மா. பிறகு பின்வளவு மாமியின் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி, பதினொரு மீன்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்.